பானு வீட்டு பாய்லர்

ஆரணி,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பானுவுக்கு அம்மா எழுதுவது. படவேட்டம்மன் தயவில் நானும் அப்பாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் எப்படி இருக்கிறீர்கள் என்று முன்பெல்லாம் கேட்கவே வேண்டியதில்லை, செல்போனைத் திறந்தால் உங்கள் வீட்டில் சூடு இத்தனை, ஈரப்பதம் இத்தனை என்று வந்து நிற்கும். போன வாரம் அந்த ஆப்பிலிருந்து எங்கள் இருவரையும் எடுத்துவிட்டாய். அப்பாவுக்கு பிரஷர் ஏறுகிறது என்று காரணம் சொன்னாய், அதுவும் உண்மைதான். போனில் இதைப் பற்றிப் பேச வந்தால் சின்னவனைக் காட்டுகிறாய், அவன் பொக்கை வாயைப் பார்த்ததும் எனக்கு வந்த விஷயமே மறந்துபோகிறது. அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், பாதியில் நிறுத்தாமல் படி.

கிருஷ்ணம்மாள் அத்தைக்கு முட்டி வலி பரவாயில்லை, ஆனால் மாத்திரை சாப்பிடச் சொன்னால் சண்டைக்கு வருகிறாள். எதிர் வீட்டு ஜெயவேலுக்கு செய்யார் கம்பெனியில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், பஸ் வந்து ஹாரன் அடிக்கும்போதுதான் சட்டைக்குப் பொத்தான் போடுகிறான். அப்பா தறியில் அரக்கு நிறத்தில் கல்யாணப் புடவை ஓடுகிறது. ஓடுகிறது என்று பெயர், பத்து இழை ஓட்டிவிட்டுப் போனை எடுத்துப் பார்க்கிறார். அதில் ஒன்றும் வராது என்று அவருக்கும் தெரியும்.

அவர் மேல் உனக்கு வருத்தம் இருக்கும். கார்த்திகையில் நீங்கள் போனில் காட்டும் அந்தக் கருவிகளை வாங்கப் போகும்போது, வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லரை எதை எதை வைத்துக் கண்காணிக்கலாம் என்று மாப்பிள்ளை மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார். அப்பா அதைப் பெரிய பதவியாக எடுத்துக்கொண்டார். தண்ணீர் கசிந்தால் கத்தும் கருவி ஒன்று இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னதற்கு, "கசிஞ்சா காலு நனையப் போவுது, அதுக்கு ஒரு மிஷினா" என்று சிரித்தார். சூட்டையும் ஈரப்பதத்தையும் காட்டுவது போதும், ஹாலில் ஒன்று, தரைக்குக் கீழே பேஸ்மென்டில் பாய்லர் பக்கத்தில் ஒன்று என்று அவர்தான் முடிவு செய்தார். முதல் நாளே உங்கள் ஹாலில் ஈரப்பதம் இருபத்திரண்டு என்று காட்டியதும் ஆடிப்போனார். தறிக்காரர் புத்தி வேறு எங்கே போகும், காற்று காய்ந்தால் பட்டு இழை பட்பட்டென்று அறுந்துவிடும், அதற்காக நம் வீட்டில் தறிக்குழியில் தண்ணீர் தெளித்து, ஈரத் துணி கட்டி வைப்பதை நீ பார்த்து வளர்ந்தவள். "இந்தக் காத்துல பாவே நிக்காது, கொழந்த எப்படி நிப்பான்" என்று உன்னை விடாமல் நச்சரித்து ஹால் முழுக்க ஈரத் துண்டு தொங்கவிட வைத்தார். நானும் கூடச் சேர்ந்து ஒத்து ஊதினேன்.

பிறகு பேஸ்மென்டில் இருந்த கருவியில் ஈரப்பதம் நாற்பது, ஐம்பது, எழுபது என்று ஏறியது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. முருகேசன் கடைக்குப் போய், என் மகள் வீட்டுக் காற்றை நான் இங்கிருந்தே சரி செய்துவிட்டேன் என்று பெருமை அடித்துக்கொண்டு வந்தார். உங்கள் பாய்லர் குழாய் விரிசல் விட்டு அந்த அறை முழுக்கத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் பானு. சின்னவனை வைத்துக்கொண்டு அந்தப் படியில் யார் இறங்கப் போகிறார்கள், உங்களுக்கும் தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் நாங்கள் மட்டும்தான்.

பாய்லர் அணைந்துபோன அன்று இங்கே நல்ல வெயில், அங்கே நீங்கள் தூங்கும் நேரம். சூடு பதினேழு என்றது, பதினாலு என்றது, பதினொன்று என்றது. நீயும் போனை எடுக்கவில்லை, மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. அப்பா மோட்டார் ரிப்பேர் செய்யும் தருமனை இழுத்துக்கொண்டு வந்து போனைக் காட்டினார், அவன் பாவம், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றான். நேரில் என்றால் அமெரிக்கா. மின்விசிறிக்குக் கீழே வியர்த்து உட்கார்ந்துகொண்டு, "இன்னா பண்றது பூங்காவனம், கொழந்த வெறைக்கறத பாத்துகினு ஒக்காந்துகினு கீறனே" என்று உன் அப்பா அழுதார். உன் கல்யாணத்தில்கூட அழாதவர். நான் என்ன செய்தேன் தெரியுமா, பீரோவிலிருந்து கம்பளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்குப் போர்த்துவது. சின்னவன் பசிக்கு அழுது நீ எழுந்து எங்களைக் கூப்பிடும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

ரிப்பேர்காரர் வந்து ஒட்டுப்போட்டு, புகைக்குழாயைச் சுத்தம் செய்து, கோடைக்குள் பாய்லரை மாற்றச் சொன்னார் என்றாய். அதோடு, இது பழசு, எரிகிற புகையிலிருந்து விஷ வாயு வீட்டுக்குள் கசிந்தாலும் கசியும், அதற்கு ஒரு கருவி வையுங்கள் என்றாராம். அதை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் தருமனிடம் அது என்ன வாயு என்று கேட்டேன். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணில் எரியாது, தூங்குகிறவர்கள் தூங்கினபடியே போய்விடுவார்கள் என்றான். இங்கே சாயப்பட்டறையில் பட்டு வேகவைக்கிற அடுப்புப் புகை கண்ணைக் கரித்து ஆளை வெளியே துரத்திவிடும். துரத்தாத புகையைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்த வாயுக் கருவியில் போனோடு சேர்கிற வகை இப்போது ஸ்டாக் இல்லை, வந்ததும் வாங்கலாம் என்று மாப்பிள்ளை காத்திருக்கிறார், அதில் எங்களையும் சேர்த்துவிடுவதாகச் சொன்னாராம். நல்ல மனசு. ஆனால் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லு. போனோடு சேராத சாதாரணக் கருவி எந்தக் கடையிலும் கிடைக்குமாம், அது இருக்கிற இடத்திலேயே நின்று கத்துமாம். அதை இன்றைக்கே வாங்கி, நீங்கள் படுக்கிற அறைக்குப் பக்கத்தில் வையுங்கள், கீழே பாய்லர் இருக்கிற தளத்துக்கும் ஒன்று. கருவி எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது கண்ணு, நான் வந்து ஜன்னலைத் திறக்கப் போகிறேனா. உன்னை எழுப்புகிறது எதுவோ அது போதும். எங்களுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிறகு சரி என்றார்.

சின்னவனுக்குக் காலுறை நழுவாமல் பார்த்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மறக்காதே. அதில் சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான் இருக்குமாம். மாட்டியதும் எனக்குப் போன் போட்டு அதை அழுத்து, அது கத்துவதை நான் கேட்க வேண்டும். சின்னவன் திடுக்கிட்டு எழுந்து அழுவான். அழட்டும், அதையும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
த. பூங்காவனம்