ஐந்தோடு நின்ற தக்பீர்

என் அன்பு வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கப்றுக் குழியில் இருப்பவர்களுக்குச் சொல்லும் ஸலாம் போய்ச் சேரும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். ஸலாம் போய்ச் சேருமென்றால் கூடவே நாலு வரியும் போகாதா? அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

நீங்கள் இல்லாத முதல் நோன்புப் பெருநாள் நேற்று முடிந்தது. அழுதே கழியும் என்று நினைத்திருந்தேன். பொய் சொல்லக் கூடாது வாப்பா, நன்றாகத்தான் கழிந்தது. உங்கள் மகன், என் நானா, குடும்பத்தோடு வந்திருந்தார். கொழும்பு வேலையை விட்டுவிட்டுப் புத்தளத்தில் சொந்தமாகத் துணிக்கடை போட்டிருக்கிறார், அது உங்களுக்குப் புதுச் செய்தி. வட்டிலாப்பத்துக்குக் கருப்பட்டி போதாது என்று உம்மா காலையிலேயே என்னை ஏசத் தொடங்கிவிட்டார். ஏசுகிற அளவுக்கு மூச்சு இருக்கிறதே என்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பள்ளிவாசலில் கூட்டம் றோட்டு வரைக்கும் நின்றதாம். நானா வந்து சொன்னபோது, பள்ளிக் கதவு பூட்டியிருந்த அந்தக் கொரோனாப் பெருநாள்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த வருஷம் பெருநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது நானா வந்து இறங்கினார். நம் வெங்காயத்தைக் கொழும்புக்கு ஏற்றிப்போன லொறிக்குத்தான் ஊரடங்கில் பாஸ் இருந்தது, அது திரும்பும்போது தொற்றிக்கொண்டு வந்துவிட்டார். சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. மாத்தயா வாசலில் நின்றபடியே, பதினாலு நாளைக்கு அவர் யாரோடும் சேரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். முற்றத்து ஓரத்தில் வெங்காயம் கட்டித் தொங்கவிடும் கொட்டிலில் நானாவுக்குப் பாய் விரித்தோம். உம்மாவுக்கோ வருஷக் கணக்காக மூச்சிழுப்பு. அந்த நாள்களில் மௌத்தைவிட, கொரோனாவில் மௌத்தானால் உடலை அடக்கத் தருவார்களா எரித்துவிடுவார்களா என்பதுதான் நம் ஆட்களின் பெரிய பயமாக இருந்தது. உம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதே நினைவுதான்.

பெருநாளுக்கு முதல் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நீங்கள் கதையைத் தொடங்கினீர்கள். தொழுகையை வீட்டில்தான் தொழ வேண்டும். மதரஸாவில் நாலு வருஷம் ஓதிய மகன் இருக்கும்போது வேறு யார் முன்னால் நின்று தொழுவிப்பது? பத்து நிமிஷம்தானே, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு அவன் உள்ளே வந்து தொழுவிக்கட்டும் என்றீர்கள். நான் முடியாது என்றேன். பெருநாளும் அதுவுமாகப் பெற்ற பிள்ளையை வெளியே நிறுத்தச் சொல்கிறாள், கல் நெஞ்சுக்காரி என்று என்னைச் சொன்னீர்கள். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளக்கூட இல்லை. நான் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனேன்.

மஃரிப் தொழுதுவிட்டு நீங்களே குசினி அடுப்புப் பக்கம் வந்தீர்கள். சந்தையில் நாலு வியாபாரியின் வாயை ஒரே அதட்டில் அடைக்கிற மனுஷர், அலுமாரிப் பக்கம் பார்த்துக்கொண்டு கதைத்தீர்கள்.

"புள்ள, எனக்கு ஓதக்குள்ள கொழறும். நாப்பது வருஷமாப் பள்ளியில கடைசி சஃப்புலதான் நிக்கிறன். நான் எப்படி முன்னால நிக்கிற?"

"எங்களுக்கு முன்னால கொழறினா என்ன வாப்பா? நாங்க ஆரு?"

காலையில் பார்த்தால் முற்றத்தைக் கூட்டி, முன்னால் ஒரு பாயும், தள்ளிப் பின்னால் எங்களுக்கு ஒரு பாயும் விரித்திருந்தீர்கள். நானா கொட்டில் வாசலில் தனியே நின்றார்.

பெருநாள் தொழுகையில் முதல் ரக்அத்துக்கு ஏழு தரம் கையை உயர்த்தி 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொல்ல வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்களுக்கு ஐந்திலேயே கணக்கு முடிந்துவிட்டது. கையைக் கட்டி ஃபாத்திஹா ஓதத் தொடங்கிவிட்டீர்கள். இமாம் பிழைவிட்டால் பின்னால் நிற்கும் பெண் புறங்கையில் தட்டிக் காட்ட வேண்டும், ஆண் 'ஸுப்ஹானல்லாஹ்' சொல்ல வேண்டும். உம்மா தட்டினார். நீங்கள் அசையவில்லை. இன்னொரு தரம் தட்டினார். கொட்டிலிலிருந்து நானா "ஸுப்ஹானல்லாஹ்" என்றார். நீங்கள் சத்தத்தைக் கூட்டி, முன்னையை விட வேகமாக ஓதிக்கொண்டு போனீர்கள்.

ஸலாம் கொடுத்துத் திரும்பியதும் உம்மாவிடம் கேட்டீர்கள்.

"என்ன, நுளம்பு கடிச்சிச்சா?"

உம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகியது. இருமல் நிற்கவில்லை. மூன்று பேரும் அப்படியே உறைந்து போனோம். நீங்கள் எழும்பவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. பிறகு உம்மா மூச்சை இழுத்து, தண்ணீர் குடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். இரண்டு தக்பீர் குறைந்தாலும் தொழுகை நிறைவேறிவிடும் என்று நானா கொட்டிலிலிருந்து பத்வா கொடுத்தார்.

புரியாணியைத் தட்டில் போட்டு நானாவுக்குக் கொட்டில் படியில் வைத்தோம். நாங்கள் முற்றத்தில் இருந்தபடியே சாப்பிட்டோம். ஆறு நாள் கழிந்து, பதினாலு முடிந்த அன்று விடிந்ததும் நீங்கள் போய் நானாவைக் கட்டிப் பிடித்தீர்கள். அவருக்கு எலும்பு நொந்ததாம். எங்களில் யாருக்கும் ஒன்றும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நீங்கள் ஓதுவதைப் பெண்களின் பாயிலிருந்து என்னைக் கேட்க வைத்தது அந்த நோய்தான் வாப்பா. நீங்கள் பள்ளிக்குப் போவீர்கள், நாங்கள் வீட்டில் சோறாக்குவோம். முப்பது வயது வரைக்கும் உங்கள் குரலில் ஒரு ஃபாத்திஹா நான் கேட்டதில்லை. குழறத்தான் செய்தது. எனக்கு அதுதான் பிடித்தது.

ஒன்றை மட்டும் நீங்கள் இருக்கும்வரை உங்களிடம் சொல்லவில்லை. தொழுகை முடிந்து எங்களுக்கு முதுகு காட்டி நீங்கள் தமிழில் துஆ கேட்டீர்களே, மெதுவாகத்தான் கேட்டீர்கள். ஆனால் ஊரில் ஒரு வாகனச் சத்தம்கூட இல்லாத காலை அது. எனக்கு எல்லாம் கேட்டது.

"யா அல்லாஹ், இந்தப் புள்ளட பேச்சக் கேட்டு மகன வெளிய நிக்க வெச்சிருக்கன். இவ சொன்னதச் சரியாக்கி வை. பிழையாப் போனா இவ தாங்க மாட்டா."

முதல் நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசாத மனுஷர். உம்மாவின் மூச்சுக்கும் நானாவின் சுகத்துக்கும் கேட்பீர்கள் என்று தெரியும். நான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

எனக்குத் தாங்க வேண்டி வரவில்லை வாப்பா. போன வருஷம் உங்களை நம் மையவாடி மண்ணிலேயே, பள்ளி நிறைந்த ஜனாஸாத் தொழுகையோடு அடக்கினோம். தொழுவித்தது நானா. உம்மாவின் மூச்சு இப்போது பம்ப் மருந்தில் ஒழுங்காக ஓடுகிறது.

உம்மாவை நான் பார்த்துக்கொள்வேன், அது என் வாக்கு. அவருக்குக் கோபம் வந்தாலும், நானா முகத்தைத் திருப்பினாலும், சரியென்று எனக்குப் படுவதை முகத்துக்கு நேரே சொல்வேன். நீங்கள் எனக்காகக் கேட்ட துஆ அந்த ஒரு பெருநாளோடு முடிந்திருக்காது என்று நம்புகிறேன்.

ஒருமுறை நீங்கள் சொல் கேட்ட,
உங்கள் மகள்