ஒரு ஸ்பூன் சூப்

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நடுக்கடலில் போன் கிடைக்காது, மெயில் போட்டால் வந்துவிடும் என்று சொன்னாயே, அதனால் எழுதுகிறேன். கப்பல்காரர்களுக்கெல்லாம் பொங்கிப் போடும் அவசரத்தில் பதில் போட மறந்துவிடாதே.

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. இனிமேல் வைத்தியம் எதுவும் பலிக்காதாம். தினமும் வீட்டுக்கு ஒரு நர்ஸம்மா வருகிறார். பாதி நேரம் அம்மாவைக் கவனிக்கிறார், மீதி நேரம் என்னை. "நீங்க தூங்குனீங்களா?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

அம்மாவால் விழுங்க முடியவில்லை. "வாயில எதையும் ஊத்தாதீங்க. ஈரப் பஞ்சால உதட்டை மட்டும் நனைங்க, போதும்" என்றார் நர்ஸம்மா. அப்படியே செய்கிறேன். அழுகைதான் வரமாட்டேன் என்கிறது. மரக்கட்டை மாதிரி இருக்கிறேன்.

உன் தங்கை

மார்ச் 6

வாயாடிக்கு,

யார் அந்த நர்ஸ்? பெற்ற தாயைப் பட்டினி போடவா வீட்டுக்குக் கொண்டுவந்தாய்? கேரட்டையும் உருளைக்கிழங்கையும் குழைய வேகவைத்து, மசித்து, துணியில் வடிகட்டு. தலையணை கொடுத்து நன்றாகச் சாய்த்து வைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு. அவசரப்படாதே.

ஊரார் வயிற்றையெல்லாம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன், அம்மா வயிறு காய்ந்து கிடக்கிறது. கரை சேர இன்னும் நாளாகும். எனக்காக இதை மட்டும் செய்.

அண்ணன்

மார்ச் 8

அண்ணா,

நீ சொன்ன சூப்பைக் கொடுத்தேன். முதல் ஸ்பூனிலேயே புரையேறிவிட்டது. உதடு நீலமாகிப்போனது. இத்தனை நாளாகத் திறக்காத கண்ணைத் திறந்து அம்மா என்னைப் பார்த்தாள்.

நர்ஸம்மாதான் ஓடிவந்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து ஊசி போட்டார். மூச்சு சீராக வெகுநேரம் ஆனது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கிண்ணத்தைப் பார்த்து, "அண்ணன் சொன்னாரா?" என்றார். தலையாட்டினேன். "பாவம், அவரால அங்கிருந்து வேற என்ன செய்ய முடியும்?" என்றார்.

மிச்சத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டேன். உன்மேல் கோபம் வர வேண்டும். அதுவும் வரவில்லை. இதை உனக்கு அனுப்பப் போவதில்லை.

மார்ச் 10

அன்புள்ள அண்ணா,

இன்று காலை அம்மா போய்விட்டாள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. வலி இல்லை என்று நர்ஸம்மா சொன்னார்.

"காது கேக்கும், ஏதாவது பேசுங்க" என்று என் கையை எடுத்து அம்மா கையில் வைத்தார். வாயாடிக்கு வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான். "குளியலறைக் குழாயைச் சரிபண்ணியாச்சும்மா" என்றேன்.

உன் தங்கை

மார்ச் 12

வாயாடி,

மெயிலைப் படித்துவிட்டு மத்தியானச் சமையலையும் முடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுப்பிலிருந்து தள்ளி உட்கார வைத்துவிடுவார்கள், உட்கார்ந்து என்ன செய்வேன்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சூப்பைப் பற்றி நீ எழுதவே இல்லை. கொடுத்தாயா? அம்மா குடித்தாளா? உள்ளதைச் சொல்.

அண்ணன்

மார்ச் 13

அன்புள்ள அண்ணா,

நர்ஸம்மா இன்றும் வந்திருந்தார். கட்டில் காலியாக இருக்கிறதே, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டேன். "உங்களைத்தான்" என்றார். டீ போட்டுக் கொடுத்தார், குடித்தேன்.

நீ கேட்டாயே. கொடுத்தேன். ரெண்டு ஸ்பூன் குடித்தாள். உப்பு போதவில்லை என்று முகத்தைச் சுளித்தாள்.

உன் தங்கை