'நான்' என்று முடிந்த கிளை

டீச்சர்,

உங்கள் வாசனை ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மணம் இன்னும் போகவில்லை. சென்ற ஐப்பசியில் நீங்கள் இறந்த பிறகு, அதுவும் உங்கள் குட்டைப் பென்சிலும் ஆசிரியர் அறை மேசையிலேயே கிடந்தன. நேற்றுதான் எடுத்தேன், வேறு வழியில்லாமல்.

எட்டாம் வகுப்பின் மனவரைபட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பாடம், இழைகள். நடுவில் வட்டம் போட்டு 'இழை' என்று எழுதி, பட்டு, கம்பளி, பருத்தி என்று கிளை பிரிக்க வேண்டும். தேவியின் நோட்டில் பருத்திக் கிளை மட்டும் நீண்டுகொண்டே போனது. பருத்தி, நூல், மில், அக்கா. கடைசியில் 'நான்'.

சிவப்புப் பேனாவை மூடிவிட்டேன். நான்கு வருடத்துக்கு முன்பு, இவள் அக்கா கௌசல்யா 'மில்' என்று எழுதிப் பக்கத்தில் தன் பெயரைப் போட்டிருந்தபோது மூடவில்லை. 'பாடத்தில் இல்லாதது' என்று அடித்தேன். அதிகாரி பார்வையிட வருகிறார் என்று நானே கரும்பலகையில் ஒன்றை வரைந்து, நாற்பது பேரையும் அதையே எழுத வைத்தேன். பரீட்சையெல்லாம் முடிந்த பிறகு அந்த நோட்டுகளை உங்களிடம் பெருமையாகக் காட்டினேன். நீங்கள் நான் அடித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இன்னா டீச்சர் இது? புள்ள வூட்டு சேதிய சொல்லிக்கீது, நீங்க அடிச்சி வெச்சிக்கீறீங்க" என்றீர்கள்.

உங்கள் வழக்கம் வேறு. புரியாத கிளைக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போடுவீர்கள். பதில் சொல்ல இஷ்டமில்லாத பிள்ளை அழித்துக்கொள்ளட்டும் என்று ரப்பரையும் சேர்த்துக் கொடுப்பீர்கள்.

அன்றே உங்கள் ஸ்கூட்டியில் கௌசல்யாவின் ஊரான மாகறலுக்குப் போனோம். அவள் வீட்டு வாசலில் நின்றதும் நீங்கள் பள்ளிக்கூடப் பேச்சையே எடுக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டீர்கள். "மொதல்ல தண்ணி வாங்கிக் குடிக்கணும் டீச்சர். அப்புறம் நாலு வார்த்த பேசலாம், தொரத்த மாட்டாங்க" என்று பிறகு சொன்னீர்கள். ஆனால் கௌசல்யா முந்தின நாளே திருப்பூருக்கு, மில் வேலைக்கு, பஸ் ஏறியிருந்தாள். திரும்பும் வழியெல்லாம் நீங்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நேற்று நானும் கேள்விக்குறி போட்டு, நோட்டையும் ரப்பரையும் தேவியிடம் கொடுத்தேன். காலையில் திருப்பித் தந்தாள். அழிக்கவில்லை. கீழே எழுதியிருந்தாள்: "பரிச்ச முடிஞ்சதும் அனுப்பறன்னு அப்பா சொல்லிக்கீறாரு. டீச்சர், நீங்க வூட்டுக்கு வர்றீங்களா?"

பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் அப்பா என்னிடம், "எங்க கஷ்டம் உங்களுக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? நான் போய் நின்றதாலேயே கோபப்பட்டு நாளைக்கே அனுப்பிவிட்டால்? உங்களுக்கு ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்ததும் எதைப் பேசுவது, எதை விடுவது என்று தெரியும். எனக்குக் கரும்பலகையைப் பார்த்துத்தான் பேச வரும்.

மணி நாலரை. கடைசி மணி அடித்துவிட்டது. தேவி சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்னைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கிறாள். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், உங்கள் பென்சிலையும்.

வாசலில் முதலில் தண்ணீர் கேட்க வேண்டும், ஞாபகம் இருக்கிறது. அதற்கு நான் நடிக்கக்கூட வேண்டாம் டீச்சர். இப்போதே நாக்கு வறண்டு கிடக்கிறது.