எருசலேமின் களிமண் பெண்கள்

ஆகஸ்ட் 2014, ஞாயிறு. லின்ஃபீல்ட்.

சர்ச்சிலிருந்து வந்து சாப்பிடும்போது மகள் ரூத் ஆரம்பித்தாள். பல்கலைக்கழகத்தில் யூத மதத்தின் தொடக்கத்தைப் படிக்கிறாள். பழைய எருசலேம் வீடுகளைத் தோண்டினால் சின்னச் சின்னக் களிமண் பெண் உருவங்கள் கிடைக்கின்றனவாம்.

"ஆலயத்துல கர்த்தரைக் கும்பிட்டாங்கப்பா. ஆனா வீட்டுல இதையும் வச்சிருந்தாங்க. பிரசவம் நல்லபடியா ஆகணும்னு இருக்கலாமாம்."

அவள் அப்பா தட்டைத் தள்ளினார். "என் வீட்டுல அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னா, வச்சவங்களும் வெளிய போகணும்."

நான் எழுந்து தட்டுகளை எடுத்தேன். கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் எடுத்தேன். கர்த்தரை மனதார நம்புகிறேன். ஆனாலும் ரூத் வயிற்றில் இருந்தபோது ஈப்போவிலிருந்து அக்கா அனுப்பிய சின்ன மாரியம்மன் சிலையை எறிய மனம் வரவில்லை. தையல் பெட்டியின் அடியில் இருக்கிறது.

பாத்திரம் கழுவும்போது ரூத் பக்கத்தில் வந்தாள். "அம்மா, தையல் பெட்டியில இருக்கிறத நான் சின்னதிலேயே பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன்டி அவர் முன்னால அந்தப் பேச்சு?"

"அவர் என்ன சொல்வார்னு தெரிஞ்சுக்கத்தான்மா."

தெரிந்துவிட்டது. இரவு இதை எழுதும்போது, பெட்டியை இடம் மாற்றலாம் என்று எழுந்தேன். உள்ளே அவர் படுத்திருந்த கட்டில் கிரீச்சிட்டதும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். தெரிந்தும் மறைத்தாள் என்று ரூத்தையும் அவர் வெளியே போகச் சொன்னால் என்ன செய்வேன்?