நிக்நிக்கும் கேப்டன் மகள் கல்யாணமும்

ஏப்ரல் 26
மாலை ஐந்தரை. வலது காலை முட்டி வரை திறந்துபோட்டு, சதுப்பின் ஓரத்தில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எண்ணினேன். காலில் வந்து உட்கார்ந்த நிக்நிக் பூச்சி 112. பௌர்ணமி முடிந்து இரண்டு நாள். பெரிய கடல் ஓதம் நனைத்துவிட்டுப் போன சேற்றிலிருந்து கிளம்பிவிட்டன. கொசுவாவது பாடிக்கொண்டு வரும். இது கடுகில் கால்வாசிகூட இல்லை, கடித்த பிறகுதான் தெரியும். சொறிந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 28
ஊர்த் தலைவர் கேப்டன் ருஃபினோ வீட்டுக்கே வந்துவிட்டார். மகள் ஜொவெலினுக்கு மே 23, பௌர்ணமியன்று, கடற்கரையில் கல்யாண விருந்து. நிலா வளரும்போது கட்டினால்தான் குடும்பம் வளரும். அதில் எனக்கும் நம்பிக்கைதான்.

"நெனிதா, நான் பன்றி வளர்த்தது விருந்தாளி தின்னத்தான், விருந்தாளியப் பூச்சி தின்ன இல்ல. இருபதாம் தேதிக்குள்ள அந்த உடைப்ப மண்ணப் போட்டு அடைச்சிடுவேன்."

பாழான இறால் குளத்தின் கரையை மூன்று வருடம் முன்பு அலையாத்தி நடும் நாங்கள்தான் வெட்டிவிட்டோம். அந்த உடைப்பு வழியே கடல் வந்து போவதால்தான் அலையாத்திக் கன்றுகள் பிழைத்தன. அடைத்தால் நிக்நிக் குறையும், சரி. தண்ணீர் தேங்கிப் பழையபடி கொசு வருமே? கன்று அழுகிப் போகுமே? அய்யோ, நாலாயிரம் கன்று!

மே 2
தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டேன். "தேய்பிறையில கட்டி வைக்கச் சொல்றியா?" என்று கேப்டன் மனைவி கதவைச் சாத்தாத குறை.

என் மேலும் தப்பு. அலையாத்தி வளர்ந்தால் நண்டு வரும், புயலைத் தடுக்கும் என்று பேசியே காலத்தை ஓட்டினேன். நிக்நிக் வந்து கடிக்கும் என்று ஒரு நாளாவது வாயைத் திறந்தேனா?

மே 4
கல்யாணப் பெண்ணே வந்தாள். என் எண்ணிக்கை நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"அக்கா, அரை நிலா அன்னிக்கெல்லாம் பத்தத் தாண்டவே இல்லையே?"

"அப்போ ஓதம் சின்னது. அவ்வளவா கிளம்பாது."

"பௌர்ணமிக்கு முந்தின அரை நிலாவும் வளர்பிறைதானே? பதினஞ்சாம் தேதி வெச்சுக்கிட்டா?"

எனக்கு ஏன் தோணல? மூணு வருஷமா எண்ணுறவ நான்! மகராசி, நீ நல்லா இருக்கணும்.

மே 6
பாதிரியார் சம்மதித்துவிட்டார். கேப்டன் மட்டும் முறைக்கிறார்: "சம்பந்தி வீட்ல ஒருத்தர் சொறிஞ்சாலும் மறுநாளே மண்ணு விழும்."

மே 15
எனக்கு மூன்று கடி. விருந்தாளிகளில் ஒருவரும் காலைத் தட்டவில்லை — விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன், சோறுகூட இறங்கவில்லை. தேங்காய் மட்டைப் புகை, கடன் வாங்கிய எட்டு மின்விசிறி. சம்பந்தியம்மாள் குட்டைக் கவுனில் ஆடித் தீர்த்தார். ஆண்டவரே, நன்றி.

மே 16
மண் விழவில்லை.

மே 31
ஊர்க் கூட்டம். உடைப்பைப் பற்றி யாரும் பேசவே இல்லை. எழுந்து போகப் பார்த்தேன், கேப்டன் கூப்பிட்டார்.

"எங்க ஓடுற? கூடைப்பந்து கடைசி ஆட்டம் சாயங்காலம், பசங்க எல்லாம் அரைக்கால் சட்டை. நம்ம நிக்நிக் எப்போ தூங்கும், சொல்லு."

ஜூன் 14, அடுத்த அரை நிலா என்றேன். மறுபேச்சில்லாமல் பலகையில் எழுதினார். சிரிக்க நினைத்தேன், அழுகைதான் வந்தது.