இன்று சுவருக்குத் தண்ணீர் வேண்டாம்

திரேசம்மா,

நீ பூசையிலிருந்து வருவதற்குள் ஓடிவிடுகிறேன். முகம் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை.

புதுச் சமையலறை கட்ட இடம் வேண்டுமென்று, ஓடாத நம் மோட்டார் காரை உருளைப் பலகைகள் மேல் ஏற்றினேனே. "சக்கரத்துக்கே சக்கரமா?" என்று சிரித்தாய். சுண்டுவிரலால் தொட்டேன், தேர் மாதிரி ஓடுகிறது! நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. முட்டுக்கொடுத்த செங்கல் அப்பளமாக நொறுங்கிவிட்டது. அதனால் பதனிடாத பச்சைத்தோல் வாரால் வேப்பமரத்தில் கட்டியிருக்கிறேன். நூறு வருஷம் தோல் பட்டறையில் கிடந்த எனக்குத் தெரியாதா, நனைந்தால் அது நீண்டுவிடும். அப்புறம் வண்டி சரிவில் நேராக உன் புதுச் சமையலறைச் சுவருக்குத்தான் போகும்.

கொத்தனார் முனிரத்தினம் சுவருக்குத் தண்ணீர் ஊற்ற வருவார். வேப்பமரத்தடியில் நின்றுதான் குழாயால் அடிப்பார், வார் நனைந்துவிடும். "இன்னாம்மா, சுவரு வெடிச்சிடும்" என்பார். விடாதே.

இரும்புச் சங்கிலி வாங்கக் காட்பாடி போகிறேன். சாயங்கால ரயிலில் வருவேன். சோறு எடுத்து வை. கோபமிருந்தால் குழம்பைக் கம்மி செய்துகொள்.

உன் வீட்டுக்காரன்

ஐயோ, வானம் கறுக்கிறதே! மழை வந்து வண்டி நகர்ந்தால் பிடிக்கப் போகாதே. சுவர் போகட்டும், காரும் போகட்டும். நீ எட்ட நின்று என்னைத் திட்டு. காட்பாடி வரைக்கும் கேட்கும்.