ஐந்து வயது குறைத்த கதை

மாப்ள,

நேற்றுப் பரவை மார்க்கெட் பக்கம் ஒரு பெண்ணின் ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். சூடாக வந்த தாளின் வாசம் மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணம் முடித்து வைப்பதில் மதுரை ஜில்லாவில் என்னை மிஞ்ச இன்னும் ஆள் பிறக்கவில்லை, அதில் நீ கவலைப்பட வேண்டாம்.

உன் மகள் முத்துமாரிக்கு வந்த வரன்களை வரிசையாக நிறுத்தினால் திண்டுக்கல் வரை நிற்கும். எம்.எஸ்சி., பி.எட். படித்தவளுக்குப் படிப்பு குறைந்தவன் ஆகாது என்று சிலரைத் திருப்பினாய். அரசாங்க வேலை இல்லை என்று சிலரை. தம்பிகள் இருவரும் அவள் சம்பளத்தில் படித்ததால் சில வருஷம் பேச்சையே எடுக்கவில்லை. பார்த்தால் முப்பத்துமூன்று ஆகிவிட்டது. அப்புறம் வந்தவர்கள் வயதைக் கேட்டதும் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்தார்கள்.

அப்போதுதான் நான் பேனாவை எடுத்தேன். பயோடேட்டாவில் இருபத்தெட்டு என்று போட்டேன். எழுமலை ஊரிலிருந்து ஒரு மாப்பிள்ளை அமைந்தார், நிச்சயமும் முடிந்தது.

தாலிக்குத் தங்கம் தரும் அரசாங்கத் திட்டத்துக்கு மனுப் போடலாம் என்று சொன்னவனும் நான்தான். பள்ளிச் சான்றிதழ் வைக்க வேண்டும், மனுவை மாப்பிள்ளை வீட்டாரும் பார்ப்பார்கள் என்பதெல்லாம் எட்டாவதோடு நின்றவனுக்கு எப்படித் தெரியும்?

"மாப்ள, தங்கமும் வேணாம் ஒண்ணும் வேணாம். இதுவும் தட்டிப்போனா எம்புள்ளைக்கு இனி யாரு வருவா?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாய்.

உள்ளேயிருந்து அவள் வந்தாள். "கவர்மெண்டுக்கு ஒரு வயசு, கட்டிக்கப் போறவருக்கு ஒரு வயசா மாமா? நானே காட்டிட்டு வாரேன். வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும்."

மூன்று பேரும் எழுமலைக்குப் பஸ் ஏறினோம். என் ஆயுளில் நான் வாய் திறக்காமல் போன பயணம் அது ஒன்றுதான். சான்றிதழை அவளே மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். அவர் பிறந்த தேதியைப் பார்த்தார். உள்ளே போய்த் தன்னுடையதை எடுத்து வந்தார்.

"எனக்கு முப்பத்தெட்டுங்க. எங்க சித்தப்பா முப்பத்திரண்டுன்னு எழுதிட்டாரு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இருந்தேன்."

அவருடைய அம்மா என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க அஞ்சு, எங்காளு ஆறு. நாங்கதான் ஜெயிச்சோம்."

நீ சிரித்த சிரிப்பில் அந்த வீட்டு ஓடு இரண்டு கழன்று விழுந்தது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

குழந்தை தாமதமாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள், ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பேத்தியைத் தூக்கிவிட்டுத்தான் நீயும் போனாய். இப்போது தங்கத்துக்குப் பதிலாகக் கல்லூரி போகும் பெண்பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம் போடுகிறார்கள். "படிக்க வச்சா வயசு போயிருதுண்ணே" என்று யாராவது புலம்பினால், முத்துமாரி எழுமலைக்குப் போன கதையைத்தான் எடுத்து விடுகிறேன். பெற்றவன் நீதான் என்றாலும், பெருமையில் பாதியை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மாப்பிள்ளைகளுக்கு இப்பவும் அரையடி உயரம் கூட்டுவேன், இரண்டு ஏக்கரை எட்டு ஏக்கர் ஆக்குவேன். வயதை மட்டும் சான்றிதழைப் பார்த்துத்தான் எழுதுகிறேன், மாப்ள.